கால் மணி நேரம்

பெட்டி எண் பதினொன்று.
லயோனல் ட்ரஸ்காட்டின் தாள்கள்.
செல்ட்டனத்தில் யாரோ பரணைக் காலி செய்தபோது
கடல் கடந்து திரும்பி வந்திருக்கின்றன.
ஃபோர்ட் கேனிங் சரிவில், குளிரூட்டியின் நேர் கீழே,
கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு பிரிக்கிறேன்.
பென்சில் மட்டும். பேனா கூடாது.
கோப்பி ஓ கூடவே கூடாது.

இருபத்திரண்டு வயதில் வந்திறங்கியவர்.
தமிழ் படித்துவா என்று முதலில் மதராசுக்கு அனுப்பினார்கள்.
தேர்வில் தேறியதற்கு மாதம் பதினைந்து வெள்ளி கூடுதல் படி;
ரசீது இருக்கிறது.
பயிற்சி ஏட்டில் ஒரு பக்கம் முழுக்க ழகரம்,
சுழிக்கத் தெரியாத வாலோடு தொடங்கி
கடைசி வரியில் என் கையெழுத்தைவிட அழகாய்.

பிறகு மாஜிஸ்திரேட். பிறகு நிலவரி. பிறகு
குடியேறிகள் அலுவலகத்தில் கை வைத்த நாற்காலி.
குதிரைப் பந்தயத்தில் தோற்ற கணக்கும்
மலேரியாவில் போன மகனின் கல்லறைச் செலவும்
ஒரே பக்கத்தில், ஒரே மையில்.

ஐம்பத்தைந்தில் ஓய்வு.
மற்றவர்கள் ரோஜா வளர்த்தார்கள்.
இவர் வரலாறு எழுதினார்.
இரண்டு தொகுதி, தோல் அட்டை.
நல்ல நடை, சொல்லித்தான் ஆகவேண்டும்.
தகரக் கூரையில் மழை தொடங்குவது பற்றி
மூன்றாம் இயலில் ஒரு பத்தி.
அதை வாசித்தபடி டோபி காட்டைத் தவறவிட்டு
சாமர்செட்டில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அடிக்குறிப்புகள்தான் வேடிக்கை.
காண்க: அரசாங்க அறிக்கை.
அறிக்கையைத் தேடி எடுத்தால்
அடியில் கையொப்பம், எல். ட்ரஸ்காட்.
தானே சாட்சி, தானே நீதிபதி,
வயதான பின் தானே காலம்.

பொருளடைவில் எங்களைத் தேடினேன்.
தமிழர்: காண்க, சாலைகள்.
சாலைகளுக்குப் போனேன்.
சரளைக் கல்லின் விலை இருந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
'புக்கிட் தீமா கல்குவாரியில் சிறு சச்சரவு;
சுமுகமாக முடிந்தது.'
அடுத்த வரியில் புது டிராம் வண்டிகள்.

பெட்டியில் கைப்பிரதி இருக்கிறது.
டிராமுக்கு முன்னால் அங்கே ஒரு பத்தி,
குறுக்கே ஒரு கோடு.
பாறை சரிந்து மூவர் செத்த மறுநாள்
மருதையன் என்பவன் கூண்டேறினான்.
கால் மணி நேரம் பேசினான்.
துபாஷி சவரிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு
'தெரியாது என்கிறான், துரை' என்றார்.
அதுவே பதிவாயிற்று.

கால் மணி நேரம்.
வெடி வைத்த வேளை, வைக்கச் சொன்னவன்,
யாருக்கு யார் தம்பி,
எதுவும் இருந்திருக்கலாம்.
நான் இட்டு நிரப்பக் கூடாது.
அதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

சவரிநாயகத்தைத் திட்டத்தான் வாய் வருகிறது.
மாதம் இருபது வெள்ளி, ஆறு பிள்ளைகள்
என்கிறது சம்பளப் பதிவேடு.
வாயை மூடிக்கொண்டேன்.

பத்தியின் ஓரத்தில், பொடி எழுத்தில்,
தமிழில் ஒற்றைச் சொல்:
புரிந்தது.

பத்திக்கு ஒரு கோடு போதும் என்றவர்
இதை மட்டும் இரண்டு முறை அடித்திருக்கிறார்.
நிப்பு தாளைக் கிழித்திருக்கிறது.
ழகரம் இல்லாத சொல்தான்.
ஆனாலும் அதே கை.

எந்த வருடம் அடித்தார்? எழுதிய இரவேவா,
அச்சுக்குப் போகும் காலையிலா?
மையைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று
பாதுகாப்புப் பிரிவில் கேட்டேன்.
வரிசையில் நிற்கச் சொன்னார்கள்,
எனக்கு முன்னால் நாற்பது வரைபடங்கள்.

மூன்று மணி. வெளியே இடி.
படிவத்தை நிரப்புகிறேன்.
மொழி: ஆங்கிலம். யோசித்து, தமிழ் என்றும் சேர்க்கிறேன்.
ஆட்பெயர்: மருதையன். தந்தை பெயர் தெரியாமல்
கட்டம் சிவப்பாகிறது, பிறகு விட்டுவிடுகிறது.
சுருக்கம்: நூறு எழுத்துகளுக்குள்.

'கல்குவாரி விபத்து விசாரணைக் குறிப்புகள், திருத்தங்களுடன்.'

தட்டி முடித்துச் சேமிக்கிறேன்.
செருமியது யார் என்று
அடுத்த மேசைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.